பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவில்

மூன்றாவது சந்திப்பு. காலை ஒன்பதரை.
ஹேவ்லாக் சாலைக் கட்டடத்தில்
இந்த அறையின் குளிரை மட்டும்
எந்தத் தரப்பாலும் பேசிக் குறைக்க முடியாது.

மேசைக்கு இந்தப் பக்கம் சங்கம்.
அந்தப் பக்கம் நிர்வாகம்.
குறுக்கு முனையில் நான்,
அமைச்சின் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு,
இருவருக்கும் எட்டும் தூரத்தில் வைத்த
தண்ணீர்ப் போத்தல் மாதிரி.

வழக்கு சின்னது.
துவாஸில் பேரிங் செய்யும் தொழிற்சாலை.
ஓர் இரவு வேலைக்குப் படி பதினான்கு வெள்ளி.
சங்கம் கேட்பது பதினேழு.
நடுவில் மூன்று வெள்ளி:
ஒரு கோப்பி-ஓ, ஒரு கோசோங் பரோட்டா,
இருபது காசு மிச்சம்.

"மூன்று வெள்ளி இல்லை, மேடம்,"
மனிதவள மேலாளர் குவெக் சொல்கிறார்,
"இருநூற்றுப் பத்துப் பேர். மாதம் பதின்மூன்று இரவு."
கணக்கியை என் பக்கம் திருப்புகிறார்.
எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
எண்ணுக்குக் கண் சிவக்காது,
அது அவருக்கு வசதி.

கிளைச் செயலாளர் ஸுவாண்டி
கணக்கி கொண்டுவரவில்லை.
செங்குட்டுவனைக் கொண்டுவந்திருக்கிறார்.
ஜொகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து
இரவெல்லாம் எந்திரத்தோடு நின்று
ஏழு மணிக்கு வெளியேறியும்
வீட்டுக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர்.
நகக்கண்ணில் கிரீஸ்.
பேசவே இல்லை.
ஒருமுறை கொட்டாவி விட்டார்.
அதைக் குறிப்பில் ஏற்ற வழியில்லை.

அவர்கள் பட்டியலில் இரண்டாவது வரி:
எங்களைக் கேட்காமல் பிரிவு மாற்றக் கூடாது.
பென்சிலால் மெல்ல அடித்தேன்.
இடமாற்றம், பதவி உயர்வு, வேலைநீக்கம்,
இவற்றையெல்லாம் சட்டம்
செருப்பைப் போல
அறைக்கு வெளியே கழற்றிவைக்கச் சொல்கிறது.
"பேசக் கூடாதா?" என்றார் ஸுவாண்டி.
"பேரம் பேசக் கூடாது" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இடைவேளை. தண்ணீர் இயந்திரத்தருகே
செங்குட்டுவன் தமிழில் கேட்டார்:
"தப்பா நினைக்காதீங்க அக்கா,
நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"
பதினொரு வருடம் இந்த வேலையில்.
பயிற்சியில் இதற்கு ஓர் ஆங்கில வாக்கியம் கொடுத்திருந்தார்கள்.
தமிழில் அது வாயில் நிற்கவில்லை.
"கப் அந்தப் பக்கம் இருக்கு" என்றேன்.

பிறகு ஆளுக்கோர் அறை.
நடந்தேன். பதினாறரை.
நடந்தேன். பதினைந்து.
ஓர் அறையின் கோபத்தை வாசலில் உதறிவிட்டு
எண்ணை மட்டும் மறு அறைக்கு எடுத்துப்போக வேண்டும்.
சில நாள் உதறினாலும் கையில் ஒட்டியிருக்கும்.
ஒன்றேகால் மணிக்குப்
பதினைந்து வெள்ளி அறுபது காசு.
யாரும் சிரிக்கவில்லை.
யாரும் எழுந்து போகவும் இல்லை.

இனி ஒப்பந்தம் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும்.
வரி வரியாகப் படிப்பார்கள்.
சான்றளித்து முத்திரை குத்தியபின்தான்
அந்த ஒரு வெள்ளி அறுபது காசு
சில்லறை ஆகும்.

என் இருக்கைக்குத் திரும்பி
சம்பளச் சீட்டைத் திறந்தேன்.
எனக்கும் சங்கம் உண்டு; சந்தா பிடித்திருக்கிறார்கள்.
இந்த ஆண்டு எனக்கு வந்த உயர்வை
எந்த அறையில் யார் கேட்டார்கள்,
எத்தனையில் தொடங்கி
எத்தனையில் களைத்தார்கள்,
எனக்காக யார் தூங்காமல் வந்து உட்கார்ந்தது?
ஒருநாளும் விசாரித்ததில்லை.

அறிக்கையில் எழுதினேன்: இணக்கம் எட்டப்பட்டது.
தண்ணீர் இயந்திரம், கப், அந்தக் கேள்வி,
எதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

செங்குட்டுவன் இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பார்.
மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம்.
ஏழு மணிக்கு மறுபடி வாசலில் அட்டையைக் காட்ட வேண்டும்.

முத்திரை இன்னும் விழவில்லை.
இன்றிரவும் பதினான்குதான்.